திரையின் இடது மூலை

எனக்குக் கொடுத்த வேலை
இடதுபக்கக் கீழ்மூலை.
வலதுபக்கம் லீபின்.
மேல்மூலை இரண்டையும் ஏலக்கூடத்துத் தூண்களில்
நைலான் கயிற்றால் கட்டியாயிற்று.
கீழே கட்ட ஆணி இல்லை, ஆள்தான்.

குளச்சலில் இது மூன்றாம் வருடம்.
இரண்டு ராத்திரி, பதினொரு குறும்படம்,
படத்துக்கும் படத்துக்கும் நடுவே பாட்டுக் கச்சேரி.
சாயா இலவசம், மீன்வாடையும்.
தரையை மூன்று தடவை கழுவியும்
முன்வரிசைக்காரர்கள்
காலைத் தூக்கியே வைத்திருந்தார்கள்.

ஏழு மணிக் கடற்காற்றில்
திரை சனங்களை நோக்கி வயிறு தள்ளியது.
சென்னையிலிருந்து வந்த படத்தின் கதாநாயகன்
காதலைச் சொல்லும்போதெல்லாம் கர்ப்பமானான்.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
இயக்குநரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

எனக்குப் படம் பின்பக்கம்.
எழுத்தெல்லாம் புரண்டு ஓடும்.
எல்லாரும் இடக்கையால் சாப்பிடுவார்கள்,
இடக்கையால் கும்பிடு போடுவார்கள்,
சிலுவைக் குறியும் அப்படியே.

ஒன்பதாவது, சஜினியின் படம்.
குலசேகரத்துக்காரி.
பால்வெட்டப் போகும் ஒருத்தி,
நெற்றியில் விளக்கு, ஒரு விடியல்.
இருபத்திமூன்று நிமிடம். வசனம் கிடையாது.
மரம் வந்தது
கத்தி வந்தது
சத்தம் வரவில்லை.

வயரைப் பிடுங்கிக் குத்தினார்கள்.
லேப்டாப்பை முதுகில் தட்டினார்கள், விக்கலுக்குத் தட்டுகிறமாதிரி.
"சவுண்டே ஏறல்ல மக்கா" என்றான் ஒருவன் இருட்டுக்குள்.

அடுத்து வாசிக்கக் காத்திருந்தது பேண்டு செட்.
திருநாளுக்கும் சாவுக்கும்
ஒரே சிவப்புச் சட்டை போடுகிறவர்கள்.
டிரம்பெட் தஸ்நேவிஸ்
வாசிக்கட்டுமா என்று கேட்டபடியே வாசித்துவிட்டார்.
ரப்பர் மரங்களுக்கு நடுவே
ஒரு பிரேத ஊர்வலம் புகுந்தது.

மூன்றாம் வரிசையிலிருந்து ஓடிவந்தாள் சஜினி.
ஒரு செருப்பு வழியில் கழன்றது.
"நிறுத்துங்க அண்ணே,
அவ இன்னும் சாகல்ல."

மைக்கை வாங்கினாள்.
கத்தி பட்டையில் இறங்கவும்
பல்லிடுக்கில் காற்றை இழுத்து
ஸ்ர்ர்க் என்றாள்.
கூட்டம் கொல்லென்று சிரித்தது.
அடுத்த மரம். ஸ்ர்ர்க்.
அதற்கடுத்தது கொஞ்சம் கிழடு,
அங்கே ஸ்ர் மட்டும்.

ஆறு மாதம் மரத்துக்கு மரம்
மைக் வைத்துப் பிடித்த சத்தமாம், பிறகு சொன்னாள்.
எதில் பட்டை கனம், எதில் கத்தி வழுக்கும்,
எந்தச் சிரட்டையில் நேற்றைய மழைத்தண்ணி,
எல்லாம் அவள் நாக்குக்கு மனப்பாடம்.
சிரிப்பு எத்தனையாவது மரத்தில் நின்றது?
நான் எண்ணவில்லை. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டிருந்தது.

டிரம்ஸ் அடிக்கும் பையன் ஜெஸ்பின்
குச்சிகளைக் கீழே வைத்தான்.
வெறுங்கையால் தோலைத் தேய்த்தான்.
சருகு மேல் ஒருத்தி நடந்தாள்.

அப்போதுதான் காற்று மாறியது.
கரைக்காற்று.
திரை என் பக்கம் புடைத்து
முகத்தில் வந்து ஒட்டியது.
அவள் நெற்றிவிளக்கு என் கண்ணுக்குள்.
மூலையை விட்டுவிட்டேன்.
"பிடிலே!" என்று அலறினான் லீபின்.
பிடித்தேன்.

கடைசியில் பால் எடுக்க வண்டி வரும் காட்சி.
சஜினி தஸ்நேவிஸைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.
அவர் ஹாரன் மட்டும் ஊதினார்,
இரண்டு தடவை.
அன்றைக்குப் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

பரிசு,
கர்ப்பமான கதாநாயகனுக்குப் போயிற்று.

நாலரைக்கு நாங்கள் நாற்காலி அடுக்கி முடிக்குமுன்
வள்ளங்கள் கரையேறிவிட்டன.
ஏலம் கூறும் செலஸ்டின்
கிடந்த மைக்கைக் கண்டார், எடுத்தார்,
ஊதிப் பார்த்தார்.
எக்கோவைக் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"ஒரு பெட்டி சாளை ஆயிரத்து நூறு...
நூறு...
று..."

வாங்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு
இன்னொரு ஐம்பது ஏற்றினார்கள்,
மறுபடி கேட்பதற்காகவே.
தூணோரம் ஒற்றைச் செருப்போடு நின்று
போனை உயர்த்திப் பிடித்துப்
பதிவு செய்துகொண்டிருந்தாள் சஜினி.